நூற்றில் பதின்மூன்று

வெயில் யானைமலைக்குப் பின்னால் இறங்கும் வரை
மொட்டைத் தொடக் கூடாது.
பிறகு ஒச்சம்மாள் இடுக்கியால்
பாசிப்பயறின் மஞ்சள் மடலைக் கீறி
பத்து மகரந்தப் பைகளையும் எண்ணி எடுப்பாள்.
ஒன்று தப்பினாலும்
செடி தன்னையே மணந்துகொள்ளும்.
சிவப்பு நூல் கட்டுவோம்.
விடிந்ததும் உளுந்தின் தூளைத் தொட்டு வைப்போம்.

பக்கத்துப் பாத்தியில் மாற்றிச் செய்தோம்:
உளுந்து தாய், பயறு தகப்பன். நீல நூல்.
நாலாம் நாள் நீல நூல்கள் தரையில் கிடந்தன
பிஞ்சோடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டினோம்,
முந்நூற்றுப் பன்னிரண்டையும் பொறுக்கினோம்.
"தாயை மாத்துனா தங்கலையே" என்றாள்.
குறிப்பேட்டில் அதையே
ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதினேன்.

சிவப்பு நூலில் நாற்பத்தொரு விதை.
முளைத்தது இருபத்தாறு.
இரண்டிலை விட்டதும் ஒன்பது,
காலடியில் தண்ணீர் நிற்க,
மஞ்சளாகிச் சாய்ந்தன.
மிச்சம் பதினேழும்
பெற்ற இரண்டையும் விட உயரம்,
கண்ணை உறுத்துகிற பச்சை,
பூவாய்க் கொட்டியது.
காய், தேடித்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுச் சாயம்.
உயிருள்ள தூள் சிவக்கும்.
மற்றது வெளுத்து, ஒடுங்கி,
தூற்றும்போது முறத்தைத் தாண்டிப் போகும் பதர்.
நூறு எண்ணினேன். சிவப்பு பதின்மூன்று.
கரண்ட் போய் வந்தது.
மறுபடி எண்ணினேன். பதின்மூன்று.

யார் மேல் குற்றம் சொல்ல?
பயறிடம் ஒரு மரபணு,
அந்த வீட்டில் காலங்காலமாய் ஒழுங்காக வேலை பார்த்தது.
உளுந்திடம் ஒன்று, அதுவும் அப்படியே.
ஒன்றின் முகம் ஒன்றுக்குத் தெரியாமல்
இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாய் மாறியிருந்தன.
இப்போது ஒரே செல், ஒரே அடுப்படி.
ஒன்று உப்புப் போட்டு நகர்ந்த குழம்பில்
மற்றதும் வந்து போடுகிறது.
கை அளவு இரண்டுக்கும் சரிதான்.

ஜீப் ஓட்டும் பெருங்காமன் அண்ணன்
சாய்ந்த நாற்றுகளை எட்டிப் பார்த்தார்.
"கலப்புன்னா இதான் கதி.
ஊர்ல சொன்னா எவன் கேக்குறான்?"
ஒச்சம்மாளின் இடுக்கி நின்றது.
அவள் அக்கா மகள் திருப்பூருக்குப் போய்
மூன்று வருடம், ஊர்ப்பக்கம் வரவில்லை.
"அண்ணே, இது பயறும் உளுந்தும்.
மனுசன் மொத்தமும் ஒரே பயறு.
பாத்தி கட்டுனது நாம" என்றேன்.
அவர் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினார்,
வெகுநேரம்.
"அவ பிள்ளைக்கு ரெண்டு வயசு, நிக்காம ஓடுதாம்"
என்று ஒச்சம்மாள் மொட்டிடம் சொன்னாள்.

கிடைத்த சொற்ப விதையை
மறுபடி பயறோடே சேர்த்தோம். மறுபடியும்.
ஆறு பட்டம்.
உளுந்தின் துண்டுகள் பயறுக்குள் குடியேறின:
மஞ்சள் தேமலைத் தாங்கும் துண்டு,
காயில் சொரசொரவென்று ரோமம் விடும் துண்டு.
மூன்றாம் குரோமோசோமின் ஒரு முனை மட்டும்
எந்த வரிசையிலும் உளுந்தாக வரவில்லை.
வந்தவை எல்லாம் வெளுத்தவற்றோடு போயிருக்கும்.
இரண்டு இனத்துக்கு நடுவே
முள்வேலி இருக்கும் என்று நினைத்து வந்தவள் நான்.
வேலி அந்த முனையில் இருந்தது,
இன்னும் இரண்டு மூன்று இடத்தில்.
மற்றதெல்லாம் ஆடு நுழைகிற சந்து.

திட்டத்துக்குப் பணம் பங்குனியோடு முடிந்தது.
கடைசி நாள், இருபத்துமூன்றாம் வரிசை, நாலாவது செடி:
கறுத்து உலர்ந்த ஒரு காய்.
ஒச்சம்மாள் தன் காதருகே ஆட்டிப் பார்த்தாள்,
பிறகு என் காதருகே.
எட்டு இருக்கும் என்றேன்.
ஒன்பது என்றாள்.
ஒன்று பொக்காகக்கூட இருக்கலாம்.
உடைத்துப் பார்க்க
அவள் விடவில்லை.